அம்புக்குறி போட்டால் வெக்டர் ஆகிவிடுமா?

பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவர்கள் ஆண்டுதோறும் தவறாமல் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. எண்மதிப்பு மட்டும் உடையது ஸ்கேலார், எண்மதிப்பும் திசையும் சேர்ந்து உடையது வெக்டர் என்று கரும்பலகையில் எழுதி, நிறை, காலம், வெப்பநிலை, ஆற்றல் ஆகியவற்றை ஒரு பக்கத்திலும் இடப்பெயர்ச்சி, திசைவேகம், முடுக்கம், விசை ஆகியவற்றை மறுபக்கத்திலும் நிறுத்திவிட்டு, மின்னோட்டத்தை முதல் பக்கத்தில் சேர்த்த மறுகணமே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்: “சார், கரண்டு போற பக்கம் நாமதானே அம்புக்குறி போடுறோம்? அப்ப அது வெக்டர்தானே?” மதுரையில் நான் பாடம் நடத்திய இத்தனை ஆண்டுகளில் இந்தக் கேள்வி எழாத ஆண்டு நினைவில் இல்லை. கேட்கிற பிள்ளை சரியாகத்தான் கேட்கிறது. குறை, நாம் எழுதிப்போட்ட வரையறையில் இருக்கிறது. அதில் பாதியை எழுதிவிட்டு மறுபாதியை விட்டுவிட்டோம்.

விடுபட்ட பாதி இதுதான்: ஓர் அளவு வெக்டர் என்று பெயர் பெற வேண்டுமானால், அதற்கு எண்மதிப்பும் திசையும் இருப்பதோடு, தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றோடு சேரும்போது அது இணைகர விதிப்படி, அதாவது இரண்டையும் ஓர் இணைகரத்தின் பக்கங்களாக வரைந்தால் மூலைவிட்டமே கூட்டுத்தொகை என்னும்படி, கூட வேண்டும். திசை இருக்கிறதா என்பது முதற் கேள்வி. எப்படிக் கூடுகிறது என்பதே முடிவான கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால், பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லாமல் போகும்.

ஸ்கேலார் அளவுகளில் அதிகம் தங்க வேண்டியதில்லை. மாட்டுத்தாவணிச் சந்தையில் ஐந்து கிலோ வெங்காயத்தோடு மூன்று கிலோ வெங்காயத்தைச் சேர்த்தால் எட்டுக் கிலோ. பையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் எட்டுக் கிலோதான். வெப்பநிலையைக் கூட்டுவதில் பொருள் இல்லை என்றாலும், அதுவும் எந்தப் பக்கம் திரும்பி அளந்தாலும் மாறாத ஒற்றை எண்ணே. ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் தேவைப்படுகிறது. கழித்தல் குறியைத் திசை என்று எண்ணிவிடக் கூடாது. உறைநிலைக்கு ஐந்து டிகிரி கீழே என்பதற்கு −5 என்று எழுதுகிறோம். எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு எதிர்க்குறி இடுகிறோம். அங்கெல்லாம் அந்தக் குறி, ஓர் அளவுகோலில் சுழிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்கிறது. வடக்கா தெற்கா என்று சொல்வதில்லை.

வெக்டர் கூட்டலுக்கு மதுரையில் இருப்பவர்கள் வெகுதூரம் போய் எடுத்துக்காட்டுத் தேட வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணத்துக்கு மறுநாள் கீழமாசி வீதித் தேரடியிலிருந்து கிளம்பும் தேரை, முன்னால் நீளும் வடங்களைப் பிடித்துக் கூட்டம் இழுக்கிறது. கணக்குக்காக, இரண்டு வடங்கள், ஒவ்வொன்றிலும் இழுப்பவர்கள் கொடுக்கும் மொத்த விசை 10,000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வடங்களும் ஒன்றுக்கொன்று இணையாக, வீதியின் போக்கிலேயே நீண்டிருந்தால் தேருக்குக் கிடைப்பது 20,000 நியூட்டன். கூட்ட நெரிசலில் ஒரு வடம் இடப்பக்கமாகவும் மற்றது வலப்பக்கமாகவும் விலகி, இரண்டுக்கும் இடையே 60 டிகிரி விரிந்துவிட்டால், அதே ஆட்கள் அதே பலத்தோடு இழுத்தும் தேருக்குக் கிடைப்பது சுமார் 17,320 நியூட்டன்தான். 90 டிகிரி விரிந்தால் 14,140 அளவுக்குக் குறையும். 120 டிகிரி விரிந்தால் வெறும் 10,000: பேருக்கு இரண்டு வடம், பலனுக்கு ஒரு வடம். நேரெதிராக நின்று இழுத்தால் தேர் அசையாது. ஆனால் ஆட்களுக்கு வியர்ப்பது மட்டும் நிற்காது.

பத்தும் பத்தும் இருபது என்கிற ஆரம்பப் பள்ளிக் கணக்கு இங்கே பொய்த்துவிடவில்லை. அது ஒரே திசை என்கிற ஒற்றை நிலைமைக்கு உரியது. இரண்டு வெக்டர்களின் எண்மதிப்புகளை மட்டும் தெரிந்துகொண்டு கூட்டுத்தொகையைச் சொல்ல முடியாது. 3 நியூட்டனும் 4 நியூட்டனும் சேர்ந்தால் 7 ஆகலாம், 1 ஆகலாம், செங்கோணத்தில் நின்றால் 5 ஆகலாம். 1-க்கும் 7-க்கும் இடைப்பட்ட எந்த எண்ணாகவும் ஆகலாம். இணைகரத்தின் இரு பக்கங்களாக இரண்டு விசைகளையும் வரைந்தால் மூலைவிட்டமே தொகுபயன் என்கிற இந்த விதியை, நியூட்டன் 1687-இல் வெளியான தம் நூலில் இயக்க விதிகளை அடுத்து முதல் கிளைத் தேற்றமாகவே வைத்தார். அப்போது வெக்டர் என்ற சொல் இந்தப் பொருளில் பிறந்திருக்கவில்லை. விதி முந்திக்கொண்டது, பெயர் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்தது.

இதே விதி வீட்டு மொட்டைமாடியிலும் வேலை செய்கிறது. துணி காயப்போடும் கொடிக்கயிற்றைத் தொய்வில்லாமல் விறைப்பாகக் கட்டினால்தான் நல்லது என்பது பலருடைய எண்ணம். அப்படிக் கட்டிய கயிறுதான் சீக்கிரம் அறுகிறது, அல்லது சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வருகிறது. ஐந்து கிலோ எடையுள்ள ஈரப் போர்வை ஒன்றைக் கொடியின் நடுவில் போடுவதாகக் கொள்வோம். போர்வையைத் தாங்க வேண்டிய விசை சுமார் 49 நியூட்டன், செங்குத்தாக மேல் நோக்கி. கயிறோ கிட்டத்தட்டக் கிடையாக இருக்கிறது. அதன் இழுவிசை கயிற்றின் போக்கிலேதான் செயல்பட முடியும். எனவே இரு பக்கத்து இழுவிசைகளின் செங்குத்துக் கூறுகள் மட்டுமே போர்வையைத் தாங்குகின்றன. கிடைக்கூறுகள் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொண்டு சும்மா நிற்கின்றன. கயிறு நன்றாகத் தொய்ந்து, இரு பக்கமும் கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்ந்திருந்தால், ஒவ்வொரு பக்கத்து இழுவிசையும் போர்வையின் எடைக்குச் சமமாக 49 நியூட்டன். விறைப்பாகக் கட்டி, சாய்வு 5 டிகிரி மட்டுமே இருந்தால் இழுவிசை 280 நியூட்டனைத் தொடும். அதாவது ஐந்து கிலோ போர்வைக்காகக் கயிறு ஏறத்தாழ 29 கிலோ தொங்குவதைப் போன்ற பாரத்தைத் தாங்குகிறது. சாய்வே இல்லாமல், நூல் பிடித்தாற்போல நேராகக் கட்டிவிட எந்தக் கயிற்றாலும் முடியாது, ஏனெனில் கிடைத் திசையில் எவ்வளவு பெரிய விசை இருந்தாலும் அதற்கு மேல்நோக்கிய கூறு என்று ஒன்று கிடையாது. ஒரு செங்குத்தான அம்பைக் கிடையான அம்புகளைக் கொண்டு ஆக்க முடியாது என்பதைக் கரும்பலகையில் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். கொடிக்கயிற்றைக் காட்டினால் நம்புவார்கள்.

மறுபடியும் தேருக்கு வருவோம். கீழமாசி வீதியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, தெற்கு, மேல, வடக்கு மாசி வீதிகளைச் சுற்றிக்கொண்டு, தேர் கிளம்பிய இடத்துக்கே வந்து நிலை சேர்கிறது. தேர் கடந்த தொலைவு நான்கு வீதிகளின் நீளம், இடப்பெயர்ச்சி சுழி. தேரை இழுத்தவரிடம் போய், இவ்வளவு நேரம் நீங்கள் இழுத்ததில் சராசரித் திசைவேகம் சுழி என்று சொன்னால் நம்மை வேறுமாதிரிப் பார்ப்பார். ஆயினும் இயற்பியல் அதைத்தான் சொல்கிறது. தொலைவு என்பது வழியின் கணக்கு. இடப்பெயர்ச்சி என்பது தொடக்கத்திலிருந்து முடிவுக்கு இழுத்த ஒற்றை அம்பு. வழியில் நடந்த எதுவும் அந்த அம்புக்குத் தெரியாது.

கொடைக்கானல் பேருந்தில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகப் புலப்படும். மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குச் சாலை வழியே சுமார் 115 கிலோமீட்டர். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் 80 கிலோமீட்டருக்கும் குறைவு, வடமேற்குத் திசையில்; அதோடு, கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கும் ஊர் என்பதால் அந்த அம்பு சற்று மேல்நோக்கியும் சாய்ந்திருக்கும். பேருந்து நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டால் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டர், சராசரித் திசைவேகத்தின் மதிப்போ மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே. திசையைச் சொல்லாமல் “மதுரையிலிருந்து நேராக எண்பது கிலோமீட்டருக்குள்” என்று மட்டும் சொன்னால், அதே தொலைவைக் கிழக்கு நோக்கிக் கடந்து தேவகோட்டைப் பக்கம் போய் நின்றுகொண்டு குளிருக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஓட்டுநருக்கு முன்னிருக்கும் முள்ளைக் கவனியுங்கள். மணிக்கு 18 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 5 மீட்டரில், அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளைவின் ஆரம் 12.5 மீட்டர். முள் அசையாததால் வேகம் மாறவில்லை. ஆனால் திசைவேகம் ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டே இருக்கிறது. திசைவேகம் மாறினால் அது முடுக்கம். வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் வினாடிக்கு வினாடி 2 மீட்டர், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சன்னலோரம் இருப்பவர் பக்கத்திலிருப்பவர்மேல் சாய்வதற்கும், வாந்தி வருகிறவர் எலுமிச்சம்பழத்தைத் தேடுவதற்கும் இந்த முடுக்கத்துக்கும் தொடர்பு உண்டு. முள்ளுக்கு அது தெரியாது. வளைவுக்குள் நுழையும்போது ஒரு திசையில் வினாடிக்கு 5 மீட்டர், வெளியேறும்போது நேரெதிர்த் திசையில் 5 மீட்டர். எனவே எட்டு வினாடிக்குள் திசைவேகத்தில் ஏற்பட்ட மொத்த மாற்றம் வினாடிக்கு 10 மீட்டர். “வேகம் மாறாமல் போனால் முடுக்கம் இல்லை” என்று எழுதி மதிப்பெண் இழக்கும் மாணவர்கள் எல்லாரும் அந்த வளைவைப் பேருந்தில் கடந்தவர்கள்தாம் என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

காற்றைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தமிழ் அதை வெக்டராகவே பெயரிட்டு வைத்திருக்கிறது. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. கவனிக்க வேண்டியது, பெயர் காற்று வரும் திசையைக் குறிக்கிறது. நாம் வரையும் அம்போ அது போகும் திசையைக் காட்டும். தென்றலுக்கு அம்பு வடக்கு நோக்கி இருக்கும். ஆடி மாதம் மேல்காற்று மணிக்கு 20 கிலோமீட்டரில் வீசும்போது ஒருவர் மணிக்கு 15 கிலோமீட்டரில் சைக்கிள் மிதிக்கிறார். மேற்கே போனால் முகத்தில் அறையும் காற்று 35. கிழக்கே போனால் முதுகைத் தடவும் காற்று 5 மட்டும். வடக்கே போனாலோ சரியாக 25, அதுவும் சாய்வாக, இடப்பக்க முன்புறத்திலிருந்து. மனிதரும் மாறவில்லை, காற்றும் மாறவில்லை, மிதியும் மாறவில்லை. திசைகள் மாறியதால் விடை மட்டும் மாறுகிறது.

இப்போது பின்வரிசைக் கேள்விக்கு விடை சொல்லலாம். மேற்கு நோக்கி அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றின் நீர், 1895-இல் பெரியாறு அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து கிழக்கே திரும்பி வைகைப் படுகைக்கு வருகிறது. அந்தப் பாசனத்தில் வளர்ந்த மாவட்டம் இது. எனவே வினாடிக்கு இத்தனை கன அடி என்பது நம் விவசாயிகளுக்கு நாள்தோறும் செய்தித்தாளில் பார்த்துப் பழகிய கணக்கு. அந்தக் கணக்கை ஒரு வாய்க்கால் சந்திப்பில் வைத்துப் பார்ப்போம். ஒரு வாய்க்காலில் வினாடிக்கு 30 கன அடி வருகிறது, இன்னொன்றில் 40. இரண்டும் செங்கோணத்தில் வந்து ஒரே வாய்க்காலாகச் சேர்கின்றன. கீழே போகும் நீர் எவ்வளவு? எந்த நீர்பாய்ச்சியைக் கேட்டாலும் 70 என்பார். இணைகர விதியை வைத்துக்கொண்டு 50 என்று சொல்கிறவரிடம், மீதி 20 கன அடியை எந்த மடையில் திறந்துவிட்டீர் என்றுதான் கேட்க வேண்டும். இரண்டு வாய்க்கால்களும் 30 டிகிரியில் சந்தித்தாலும், எதிரெதிராக வந்து மோதிச் சேர்ந்தாலும் 70 தான். நீர் ஓடுவதற்குத் திசை உண்டு. நீரோட்ட அளவு கூடுவதற்குத் திசை தேவையில்லை. ஆகவே கன அடிக் கணக்கு ஸ்கேலார்.

கம்பியில் ஓடும் மின்னோட்டமும் இதே இனம். ஒரு சந்திப்புக்கு ஒரு கம்பி வழியாக 3 ஆம்பியரும் இன்னொன்றின் வழியாக 4 ஆம்பியரும் வந்தால் மூன்றாவதில் வெளியேறுவது 7 ஆம்பியர். கம்பிகளை எப்படி வளைத்துச் சாய்த்து வைத்தாலும் மாறாது. கிர்க்காஃபின் சந்திப்பு விதி என்று நாம் நடத்துவது அந்த நீர்பாய்ச்சியின் கணக்கைத்தான். சுற்றுப் படத்தில் போடும் அம்புக்குறி, ‘இந்தக் கம்பியில் இந்தப் பக்கமாக ஓடினால் நேர்க்குறி’ என்கிற ஒப்பந்தத்தைத்தான் சொல்கிறது. மற்றபடி அது வெளியில் ஒரு திசையைச் சுட்டும் அம்பு அல்ல. ஒருவழிச் சாலைப் பலகையில்கூட அம்பு இருக்கிறது, அதை யாரும் வெக்டர் என்பதில்லை.

இதில் இன்னும் நுணுக்கமான செய்தி ஒன்று இருக்கிறது. அதே வாய்க்கால் சந்திப்பில், ஒவ்வொரு துளி நீரின் திசைவேகமும் வெக்டர். அந்த நீரின் உந்தமும் வெக்டர். குறுக்கே வந்து சேரும் நீர், நேரே ஓடும் நீரை எதிர்க் கரைப் பக்கம் தள்ளுகிறது. அந்தக் கரைதான் அரிக்கப்படுகிறது. கரைக்குக் கல் அடுக்குகிறவர் எந்தப் பக்கம் அடுக்குவது என்பதை இந்த வெக்டர் கூட்டல்தான் முடிவு செய்கிறது. வயலுக்கு எவ்வளவு பாயும் என்பதை ஸ்கேலார் கூட்டல் முடிவு செய்கிறது. ஒரே நீர், இரண்டு கேள்வி, இரண்டு வகைக் கணக்கு. மின்னியலில் இதற்கு இணையாக, மின்னோட்ட அடர்த்தி என்கிற வெக்டர் இருக்கிறது. ஒரு குறுக்குவெட்டுப் பரப்பை அது எவ்வளவு ஊடுருவுகிறது என்று கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் எண்தான் மின்னோட்டம். பின்வரிசைப் பிள்ளை மனத்தில் கண்ட அம்பு உண்மையானதே. அது ஆம்பியருக்கு உரியதல்ல, அந்த அடர்த்திக்கு உரியது.

எண்மதிப்பும் திசையும் ஐயமில்லாமல் இருந்தும் வெக்டர் ஆக முடியாத ஒன்றும் உண்டு. அதுதான் இந்த விதியின் கூர்மையைக் காட்டுகிறது. பாடப்புத்தகம் ஒன்றை மேசைமேல் அட்டை மேலே தெரியும்படி, தலைப்பைப் படிக்கும் வாகில் வையுங்கள். முதலில், உங்களுக்கு எட்டப் பக்கம் இருக்கும் விளிம்பைத் தூக்கி 90 டிகிரி நிமிர்த்துங்கள். அட்டை உங்களைப் பார்க்கும். பிறகு, மேலிருந்து பார்க்கையில் கடிகார முள் சுற்றும் பக்கமாகப் புத்தகத்தை 90 டிகிரி திருப்புங்கள். புத்தகம் தலை மேலாக நிற்கிறது, அட்டை உங்கள் இடப்பக்கம் பார்க்கிறது. இப்போது பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அதே இரண்டையும் வரிசை மாற்றிச் செய்யுங்கள்: முதலில் மேசைமேல் படுத்த வாக்கிலேயே கடிகாரப் பக்கமாக 90 டிகிரி திருப்பி, பிறகு எட்டப் பக்க விளிம்பைத் தூக்கி நிமிர்த்துங்கள். இந்த முறை அட்டை உங்களைப் பார்க்கிறது, புத்தகத்தின் தலை வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு சுழற்சிக்கும் அளவு உண்டு, அச்சு என்கிற திசையும் உண்டு. ஆனால் வரிசை மாறினால் முடிவு மாறுகிறது. வெக்டர் கூட்டலில் வரிசைக்கு இடமில்லை. இணைகரத்தின் எந்தப் பக்கத்தை முதலில் வரைந்தாலும் மூலைவிட்டம் ஒன்றே. எனவே பெரிய சுழற்சிகள் வெக்டர் அல்ல.

சுழற்சியை 90 டிகிரியிலிருந்து ஒரு டிகிரிக்கும், அதிலும் கீழாகவும் குறைத்துக்கொண்டே போனால் வரிசை மாற்றத்தால் வரும் வேறுபாடு சுழற்சியைவிட வெகு விரைவாகத் தேய்ந்து மறைகிறது. அதனால்தான் கோணத் திசைவேகம் மட்டும் நியாயமாக வெக்டர் பட்டியலில் இடம் பெறுகிறது. அதன் திசை சுழலும் அச்சின் போக்கில் இருக்கும். வலக்கை விரல்களைச் சுழலும் பக்கமாக மடக்கினால் கட்டைவிரல் காட்டும் பக்கம். கீழமாசி வீதியில் தெற்கு நோக்கி உருளும் தேர்ச்சக்கரத்தின் கோணத் திசைவேகம் கிழக்கு நோக்கியது. தெற்கு மாசி வீதிக்குள் திரும்பி மேற்கே உருளத் தொடங்கியதும் அது தெற்கு நோக்கியதாகிவிடும்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். அயர்லாந்துக் கணித அறிஞர் ஹாமில்டன் 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய்க் கரையோரம் நடந்துகொண்டிருந்தபோது குவாட்டர்னியன் என்கிற நான்கு உறுப்பு எண்களைக் கண்டடைந்தார்; அந்த எண்ணின் ஓர் உறுப்பை ஸ்கேலார் என்றும் மற்ற மூன்றையும் சேர்த்து வெக்டர் என்றும் பிரித்தழைத்தவர் அவரே. இன்று நாம் நடத்தும் வடிவத்துக்கு அவற்றைக் கொண்டுவந்தவர்கள் 1880-களில் அமெரிக்காவின் கிப்ஸும் இங்கிலாந்தின் ஹெவிசைடும். வெக்டர் என்ற இலத்தீன் சொல்லுக்குச் சுமந்து செல்வது என்று பொருள். நாம் பாடநூலில் ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டோம், அல்லது திசையன், திசையிலி என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் காவிக் கணியம், எண்ணிக் கணியம் என்கின்றன. நம் ஊரில் காவி என்றதும் துணியின் நிறம்தான் நினைவுக்கு வரும். ஆனால் காவுதல் என்றால் சுமத்தல், காவடியில் இருப்பதும் அந்தச் சொல்லே. மூலத்தின் பொருளை விடாமல் பிடித்த பெயர் என்ற வகையில் எனக்கு அதுதான் உயர்ந்ததாகத் தெரிகிறது. திசையன் என்கிற பெயர் திசையை மட்டுமே நினைவூட்டி, பின்வரிசைக் கேள்விக்கு எண்ணெய் ஊற்றுகிறது.

சுமப்பது என்றதும் வேலை நினைவுக்கு வருகிறது. விசையும் வெக்டர், இடப்பெயர்ச்சியும் வெக்டர். இரண்டையும் பெருக்கி, இடைக்கோணத்தின் கொசைனாலும் பெருக்கினால் வரும் வேலை ஸ்கேலார். பூச்சந்தையில் 20 கிலோ மூட்டை ஒன்றைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் தூக்கித் தலையில் வைப்பவர் அதன்மீது செய்யும் வேலை 294 ஜூல். அதைச் சுமந்துகொண்டு சமதளத்தில் சீராக நூறு மீட்டர் நடந்தால், மேல்நோக்கிய விசைக்கும் கிடையான இடப்பெயர்ச்சிக்கும் இடையே 90 டிகிரி என்பதால் மூட்டையின் மீது அந்த விசை செய்த வேலை சுழி. இந்தக் கணக்கைக் காட்டிக் கூலியைக் குறைக்க முயல வேண்டாம். தசைநார்கள் சுருங்கியும் தளர்ந்தும் உள்ளுக்குள்ளே ஆற்றலைச் செலவழித்துக்கொண்டுதான் இருக்கின்றன, அந்தச் செலவு மூட்டையின் கணக்கில் ஏறுவதில்லை, அவ்வளவே.

கல்லூரிக்குப் போனதும் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. வெக்டரை அங்கே மூன்று எண்களாக, மூன்று அச்சுகளின் கூறுகளாக எழுதுவார்கள். உடனே, மூன்று எண்களை வரிசையாக எழுதினாலே வெக்டர் என்று தோன்றும். வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய் மூன்றின் இன்றைய விலையை வரிசையாக எழுதினால் அதுவும் மூன்று எண்கள்தாம். கணினித் துறையில் அதை வெக்டர் என்றே அழைப்பார்கள், அது அவர்கள் வழக்கம். இயற்பியல் ஒரு சோதனை வைக்கிறது. வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு என்று அச்சுகளை வைத்தவர் ஒரு விசையின் கூறுகள் 3, 4 என்கிறார். அச்சுகளைச் சற்றுத் திருப்பி, வைகையின் போக்கை ஓர் அச்சாகக் கொண்டவருக்கு வேறு இரண்டு எண்கள் கிடைக்கும். ஆனால் இருவர் எண்களிலிருந்தும் விசையின் எண்மதிப்பு 5 என்றே வரும். ஒருவரின் எண்களிலிருந்து மற்றவரின் எண்களைத் திருப்பிய கோணத்தைக் கொண்டு கணக்கிட்டுவிடலாம். அச்சைத் திருப்பினால் கத்தரிக்காய் விலை மாறுவதில்லை, தக்காளி விலையோடு கலந்துவிடுவதும் இல்லை. அந்த விலைகள் தனித்தனியே மூன்று ஸ்கேலார்கள்.

இவ்வளவும் கேட்ட பின்பு, அதே பின்வரிசையிலிருந்து அடுத்த கேள்வி பெரும்பாலும் அழுத்தத்தைப் பற்றியதாக இருக்கும். தெப்பக்குளத்தில் மூன்று மீட்டர் ஆழத்தில் நீரால் ஏற்படும் அழுத்தம் சுமார் 29,400 பாஸ்கல். அங்கே ஒரு சிறு தகட்டை மேல் பார்த்தாற்போல வைத்தாலும், கீழ்ப்புறம் பார்த்தாற்போல வைத்தாலும், படிக்கட்டுப் பக்கம் திருப்பி வைத்தாலும் அதே 29,400 தான். தகட்டின் மீது படும் விசைக்குத் திசை உண்டு, அது எப்போதும் தகட்டுக்குச் செங்குத்து. அந்தத் திசையைக் கொடுப்பது தகடு, அழுத்தம் அல்ல. ஆகவே அழுத்தம் ஸ்கேலார். ஓய்வில் இருக்கும் நீரில் இது இவ்வளவு எளிதாக முடிந்துவிடுகிறது. நாயக்கர் மகாலின் தூண் ஒன்றுக்குள் மனத்தால் ஒரு தளத்தை வெட்டிப் பார்த்தால் அப்படி முடிவதில்லை: தளத்தைப் படுக்கையாக வெட்டினால் ஒரு விசை, சாய்த்து வெட்டினால் இன்னொரு விசை, அதுவும் தளத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எந்தத் தளம், அதன்மீது எந்தப் பக்கம் விசை என்று இரண்டு திசைகளைச் சேர்த்துச் சொன்னால்தான் தகைவு, அதாவது பொருளுக்குள் ஓர் அலகு பரப்பில் செயல்படும் விசை, முழுமையாகும். ஒரு புள்ளிக்கு ஒன்பது எண்கள் வேண்டும், அவற்றில் ஆறு தனித்தவை. படிகங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஜெர்மானியர் ஃபோய்க்ட் 1898-இல் இந்த இனத்துக்கு டென்சர் என்ற பெயரை இன்றைய பொருளில் வழங்கினார். அம்பு ஒன்றை வரைந்து அதைக் காட்ட முடியாது.